எர்த் இல்லாத பெட்டி

என்னை வலிப்புக்காரி என்று முதன்முதலில் சொன்ன மனிதரின் முகம் எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. மறக்க வேண்டும் என்று நான் முயன்றதே இல்லை. மன்னித்துவிட்டால் மனது லேசாகிவிடும் என்று பலரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் மனது லேசானது நான் மன்னித்ததால் அல்ல.

அவர் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியின் மேனேஜர். ஆஸ்பத்திரிகளுக்குப் புண்மேல் வைக்கும் காஸ் துணியும் கட்டுத்துணியும் செய்து அனுப்பும் கம்பெனி. முதலாளியின் மனைவிக்கு அவர் கூடப்பிறந்த தம்பி. அதனால் மேனேஜர் என்ற பெயர் ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் அங்கே பாதி முதலாளி அவர்தான். நான் அங்கே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. காலை எட்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் எட்டரைக்கெல்லாம் ராஜபாளையத்தில் இறங்கிவிடலாம். அப்பா பஸ் டெப்போவில் டைம் கீப்பர் என்பதால் கண்டக்டர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். எனக்கு எப்படியும் ஜன்னலோரம் இடம் கிடைக்கும்.

கம்பெனிக்கு முதன்முதலாக வந்த கம்ப்யூட்டர் அது. அகலமான தகரப் பெட்டி ஒன்று மேஜைமேல் படுத்திருக்கும். அதன் தலையில் மானிட்டர் உட்கார்ந்திருக்கும். பெட்டிகளில் ஒட்டும் லேபிளும், எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை கட்டு என்ற பேக்கிங் லிஸ்டும் அதில் அடித்து எடுப்பேன். பேக்கிங் ஹாலின் மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்து அதற்கென்று ஒரு அறை கட்டியிருந்தார்கள். கம்பெனி முழுக்கப் பஞ்சுத் தூசி பறக்கும். தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தூசி எழும்பாமல் இருக்க, காலையிலும் மத்தியானமும் சிமெண்ட் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போவார்கள். அதனால் நான் பகல் முழுவதும் வெறுங்காலோடு ஈரத் தரையில் உட்கார்ந்திருப்பேன். செருப்புக் கட்டளை மேனேஜருக்குக் கிடையாது. அடியில் தடித்த ரப்பர் வைத்த கறுப்பு ஷூவோடு வருவார், போவார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. முழங்கை அந்தப் பெட்டியில் பட்டால் எறும்பு ஊர்வதுபோல் சுருசுருவென்றிருக்கும். சில நாள் சுள்ளென்று குத்தும். நான் போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர் அறைக்குள் வந்து, தன் உள்ளங்கையைப் பெட்டிமேல் அழுத்தி வைத்து, சுற்றி நின்ற பேக்கிங் பெண்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே. வேலை செய்ய வலிக்கின்னு சொல்லு, அது வேற."

அவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்காக என்மேலேயே எனக்குப் பின்னால் எவ்வளவோ கோபம் வந்திருக்கிறது.

பங்குனியில் ஃப்ளாப்பி போடும் பகுதி பழுதாகி, மதுரையிலிருந்து சர்வீஸ் இன்ஜினீயர் ஒருவர் வந்தார். அவர் வேலையைத் தொடங்கும் முன் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்தார். டெஸ்டருக்குள் சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. மேனேஜர் பக்கம் திரும்பி, "சார், பாடில எர்த் இல்ல. ப்ளக்குல பெரிய பின் இருக்குல்ல, அதுக்கு லைனே வரலை. சரி பண்ணாம ஓட்டாதீங்க, ஆளுக்கும் ஆபத்து, மெஷினுக்கும் ஆபத்து" என்றார். மேனேஜர் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இதை நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எர்த் என்றால் பூமி என்றுதான் எனக்குத் தெரியும். பெட்டியில் பூமி இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று புரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

ஆனி மாதம், ஒரு மத்தியானம். மேற்கே மலையிலிருந்து திடீரென்று சாரல் அடித்து, ஜன்னல் வழியே தண்ணீர் அறைக்குள் தெறித்தது. லேபிள்கள் நனைந்துவிடும் என்று ஜன்னலைச் சாத்த எழுந்தேன். இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். வலது முழங்கை பெட்டியின் ஓரத்தில் பட்டது. என் வளையல்கள் தினமும் உரசி உரசி அந்த ஓரத்தில் பெயிண்ட் போய் வெறும் இரும்பு தெரிந்துகொண்டிருந்தது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாக ஏதோ ஒன்று பாய்ந்தது. அதற்கு மேல் எனக்கு வார்த்தையில்லை. நாற்காலியோடு சாய்ந்து விழுந்தேன். விழுந்த வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாயில் ரத்தம். கைகள் இரண்டும் நடுங்கிக்கொண்டே இருந்தன, நிறுத்த முடியவில்லை.

முதலில் ஓடிவந்தவர் மேனேஜர். நான் தரையில் கிடந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. அவர் கண் நேராகச் சுவரில் இருந்த ப்ளக்குக்குப் போனது. அங்கிருந்து பெட்டிக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தது. அந்த வரிசையை நான் மறக்கமாட்டேன். அதற்குள் பேக்கிங் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவர் சத்தமாகச் சொன்னார்:

"வலிப்பு. ஒரு சாவிக்கொத்து குடுங்க."

ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தை வாங்கி என் கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்தார். நான் கரண்ட் என்று சொல்லப் பார்த்தேன். கடிபட்ட நாக்கு புரளவில்லை. வெறும் உளறல்தான் வந்தது. அதைக் கேட்ட பெண்கள் இன்னும் பயந்து பின்வாங்கினார்கள். "பாவம், வீட்டுல மறைச்சு வேலைக்கு அனுப்பியிருக்காக" என்று அவர்களிடம் மெதுவாக, மிகவும் இரக்கத்தோடு சொன்னார். பேக்கிங்கில் ஒருத்தியைத் துணைக்குக் கொடுத்து என்னை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள்.

வீட்டில் அம்மா அழுதாள். பெரியாஸ்பத்திரி டாக்டர், இதற்கு முன் வந்திருக்கிறதா, சின்ன வயதில் காய்ச்சலில் வந்ததா என்றெல்லாம் கேட்டு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அப்பாவிடம் நான் கரண்ட் அடித்தது என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் என்னை நம்ப ஆசைப்பட்டார், அது தெரிந்தது. "கரண்ட் அடிச்சா அந்தப் பெட்டி எரிஞ்சிருக்கணுமேம்மா. அது பாட்டுக்கு ஓடிட்டுத்தான இருக்கு" என்றார்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். பையன் பக்கத்து ஊரான வ. புதுப்பட்டியில் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அமைதியான ஆள்; காபி டம்ளரைத் திருப்பித் தரும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். ஆவணியில் நாள் குறிப்பதாகப் பேச்சு. பேக்கிங்கில் ஒருத்திக்கு வத்திராயிருப்பில் சொந்தம் இருந்தது. செய்தி பஸ் ஏறிப் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாள் குறிக்கக் கேட்டுப் போன அப்பாவை வெளியிலேயே உட்காரவைத்து மோர் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டோம், உங்கள் மேல் வருத்தம் இல்லை, முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று பையனின் அம்மா சொன்னாராம். அப்பா அதை எங்களிடம் சொல்லி முடித்ததும் சட்டையைக் கழற்றாமலே படுத்துவிட்டார். எனக்குப் பின்னால் ஒரு தங்கை இருந்தாள். அக்காவுக்கு இருப்பது தங்கைக்கும் இருக்கும் என்று சொல்ல ஊரில் ஆளா இல்லை?

மறுநாள் நான் மேனேஜர் அறைக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு அன்று அடித்தது கரண்ட்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா வத்திராயிருப்புக்கு மறுபடி போய்ப் பேசுவார் என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதைத்தான் என்னால் இன்றும் தாங்கமுடியவில்லை.

"நான் கண்ணால பாத்ததத்தான் சொன்னேன்" என்றார் அவர். "ஒனக்கு வலிப்புன்னு தெரிஞ்சும் வேலைல வச்சிருக்கேன்லா? அத நெனச்சுப் பேசாம போ."

நான் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அன்றைய பேக்கிங் லிஸ்டை ஒரு தப்பும் இல்லாமல் அடித்தேன். அப்போது எனக்குள் அழுகை இல்லை. இந்த ஆள் எல்லோர் முன்னாலும் விழவேண்டும் என்ற ஒரே எண்ணம் குளிர்ந்த இரும்புபோல் உட்கார்ந்திருந்தது.

முதலில் எனக்கு விஷயம் தெரியவேண்டியிருந்தது. கம்ப்யூட்டரோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் பீரோவில் பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்து, அகராதி வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் படித்தேன். தென்காசி ரோட்டில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் டெஸ்டர் வாங்கினேன். எல்லோரும் சாப்பிடப் போன ஒரு நேரத்தில் ப்ளக்கைக் கழற்றித் திறந்து பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அது எனக்குப் புரிந்தது.

அந்தப் பெட்டிக்குள் கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் சின்ன இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து கொஞ்சம் கரண்ட் எப்போதும் அதன் உடம்புக்குக் கசியும். எல்லாம் நல்லபடியாக இருந்தாலும் கசியும். அதன் அமைப்பே அப்படி. உள்ளே தூசியும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் அதிகமாகக் கசியும். அந்தச் சின்னப் பெட்டி பெரிய தகரப் பெட்டியோடு ஸ்க்ரூ வைத்து முடுக்கியிருப்பதால் கசிந்தது முழுப் பெட்டிக்கும் பரவும். அதை வெளியேற்றத்தான் மூன்றாவது வயர், பச்சை நிறத்தில். அது பெட்டியின் உடம்பிலிருந்து ப்ளக்கின் தடித்த பின்னுக்கு வரும். அங்கிருந்து சுவரில் உள்ள பெரிய துளை வழியாக, கம்பியில் இறங்கி, கட்டிடத்துக்கு வெளியே கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாய்க்குப் போய், மண்ணில் சேர்ந்துவிடும். அந்த வழி சரியாக இருந்தால் பெட்டியை யார் தொட்டாலும் ஒன்றுமில்லை. வழி எங்காவது அறுந்துபோனால் கரண்ட் பெட்டியிலேயே நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒருத்தி வந்து தொட்டால், அவள்தான் அதற்கு வழி. ரப்பர் ஷூ போட்ட ஆள் தொட்டால் அதற்குப் போக இடமில்லை. உள்ளங்கையை அழுத்தி வைத்துச் சிரிக்கலாம்.

எங்கள் ப்ளக்கில் பச்சை வயர் சரியாக இருந்தது. சுவர் வரைக்கும் சரி. அதற்குப் பிறகு எங்கே அறுந்தது என்பதை, கம்பெனிக்கு வயரிங் செய்த ராஜபாளையத்து வயர்மேனைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எதையும் கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிற ஆள். எர்த் குழி கட்டிடத்துக்குப் பின்னால் இருந்ததாம். போன வருஷம் மேனேஜர் அங்கே சைக்கிள் ஷெட் போட்டபோது கம்பி குறுக்கே வருகிறது என்று வெட்டச் சொல்லி, குழிக்கு மேலேயே தரை போட்டுவிட்டாராம். வேறு குழி தோண்டவேண்டும் என்று வயர்மேன் இரண்டு தடவை சொன்னானாம். அவருக்கு அதில் அவசரம் இல்லை.

ஆக, அன்றைக்கு நான் தரையில் கிடந்தபோது அவர் கண் ப்ளக்குக்குப் போனது எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கரண்ட் என்று ஒப்புக்கொண்டால், கம்பியை வெட்டியது யார் என்று முதலாளி கேட்பார். என்னை வலிப்புக்காரி ஆக்கினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதை அவர் அந்த ஒரு நிமிடத்தில் யோசித்து முடித்திருக்கிறார்.

நேராக முதலாளியிடம் போயிருக்கலாமே என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மேனேஜர் தலையாட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லாமல் புதுக் கம்பி இழுத்திருப்பார். திங்கட்கிழமை அந்தப் பெட்டி யாரையும் அடிக்காது. இதோ பாருங்கள், ஒன்றுமில்லை என்பார். நான் கடைசிவரை வலிப்புக்காரியாகவே இருப்பேன். எனக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கோளாறுதான். அதனால் அதைப் பொத்திப் பாதுகாத்தேன். காலுக்கு ஒரு பலகை போட்டுக்கொண்டேன். கை படும் இடத்தில் துணி விரித்துக்கொண்டேன். மூன்று மாதம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேனேஜர்கூட, இப்போது நல்லா இருக்கியே என்று ஒரு நாள் கேட்டார். மாத்திரை சாப்பிடுகிறேன் சார் என்றேன்.

நான் காத்திருந்தது ஆயுத பூஜைக்கு. அன்று ஒரு நாள்தான் அவர் வெறுங்காலோடு வருவார். கம்பெனி முழுவதும் கழுவிவிடப்படும். எல்லா மெஷினுக்கும் தானே சந்தனம் வைப்பது அவருடைய வழக்கம்.

முதல் நாள் மாலை, கழுவின தரை காயும் முன், பலகையைத் தள்ளிவிட்டு நான் வெறுங்காலோடு நின்றேன். சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலில் எடுத்து, பெயிண்ட் போன அந்த ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். கை தானாகத் தெறித்து விலகியது. தோள்வரை வலித்தது. ஆனால் நின்றேன், விழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடிக்காவிட்டால் இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டேன். அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. செத்துப்போனால் அவருக்கு என்ன தெரியப்போகிறது?

மறுநாள் பெட்டியின் மேல் எல்லா இடத்திலும் பூவைச் சுற்றினேன், அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு. பூஜையன்று மெஷின் எல்லாம் நிறுத்தியிருக்கும். கம்ப்யூட்டர் மட்டும் ஓடவேண்டுமே. அதற்காக நட்சத்திரக் குறிகளை வரிசை வரிசையாக அடித்து, திரை நிறையப் பிள்ளையார் உருவம் ஒன்று செய்து வைத்திருந்தேன். முதலாளி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பூஜை முடிகிறவரை அணைக்கவேண்டாம் என்று அவர் வாயாலேயே சொன்னார். அறைக்குள் முதலாளி, அவர் மனைவி, கண்ணாடிக்கு வெளியே முப்பது பெண்கள்.

ஒரு விஷயம் நான் எதிர்பார்க்காமல் நடந்தது. முதலாளியின் மனைவி குங்குமச் சிமிழோடு முதல் ஆளாகப் பெட்டியின் பக்கம் குனிந்தார். நான் குறுக்கே போய், "அம்மா, நீங்க மேல இருக்கதுக்கு வைங்க, அதுதான் மொகம்" என்று அவர் கையை மானிட்டர் பக்கம் திருப்பினேன். மானிட்டர் பிளாஸ்டிக். அவர் பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தார்.

அப்புறம் மேனேஜர் வந்தார். வேட்டி, வெறுங்கால், கையில் சந்தனத் தட்டு. மூன்று விரலை நனைத்து அந்த ஓரத்தில் அழுத்தமாக வைத்தார்.

தட்டு எகிறிப்போய்ச் சுவரில் அடித்தது. அவர் பின்னால் துள்ளினார். ஈரத்தில் கால் வழுக்கிப் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் முன்னாலேயே வாங்கி இடுப்பில் செருகியிருந்த ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தை எடுத்து, அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் கையில் வைத்து விரல்களை மடக்கினேன்.

"இதப் புடிங்க சார். வலிப்பு நின்னுரும்."

அவர் கையை உதறினார். "வலிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. கரண்ட்டு. பெட்டில எர்த் இல்ல."

அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முதலாளி அதிகம் பேசமாட்டார். அவர் மைத்துனரைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"எர்த் இல்லேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

நான் எழுந்து நின்று, ஆனி மாதம் எனக்கு அடித்தது இதுதான் என்றேன். மதுரை இன்ஜினீயர் சொன்னது, சைக்கிள் ஷெட், வெட்டின கம்பி எல்லாவற்றையும் அந்த முப்பது பெண்கள் காதில் விழுகிற மாதிரி சொன்னேன். முதலாளியின் மனைவி தன் கையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். வெளியே எவளோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் இன்னொருத்தி. மூன்று மாதத்துக்கு முன் என்னைப் பார்த்துப் பின்வாங்கியவர்கள்தான். அந்தச் சிரிப்பை நான் நின்று முழுவதும் கேட்டேன். அன்றைக்குப் பொரிகடலை அவ்வளவு ருசியாக இருந்தது.

பூஜை முடிந்த மறுநாளே சைக்கிள் ஷெட் தரையை உடைத்தார்கள். கரி, உப்பு, குழாய், கம்பி எல்லாம் புதிதாகப் போட்டார்கள். நான் டெஸ்டரைப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன்; விளக்கு எரியவில்லை. மேனேஜரை முதலாளி வேலையைவிட்டு அனுப்பவில்லை. மனைவியின் தம்பியை எப்படி அனுப்புவார்? ஆனால் பேக்கிங் பெண்கள் அவருக்கு 'சாவிக்கொத்து' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஹாலுக்குள் வரும்போது யாராவது வேண்டுமென்றே ஒரு சாவியைக் கீழே போடுவாள். அவர் காது சிவப்பதை நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து அவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"நீ தெரிஞ்சேதான வச்ச?"

"ஆமா சார்."

"எனக்கு நெஞ்சடச்சிருந்தா?"

"எனக்கு அடச்சிருந்தா வலிப்புல செத்தான்னு சொல்லியிருப்பீக. ஒங்களுக்கு அடச்சிருந்தா கரண்ட்ல செத்தாருன்னு உள்ளதத்தான் சொல்லியிருப்பேன்."

அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நான்கு வருஷம் அதே கம்பெனியில் வேலை பார்த்தோம். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

பூஜையன்று நடந்ததும் முன்னதைப்போலவே வத்திராயிருப்புக்குப் போய்ச் சேர்ந்தது. தை பிறந்ததும் அந்த வாத்தியாரின் அம்மா, கூட ஒரு சித்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தட்டு நிறையப் பழம், முகம் நிறையச் சிரிப்பு. தப்பாகக் காதில் விழுந்துவிட்டது, அது கரண்ட் என்று இப்போதுதான் தெரிந்தது, பையனும் வேறு எங்கும் பார்க்கவேண்டாம் என்று சொல்கிறான் என்றார். அம்மா பூரித்துப்போய் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக அலைந்தாள். அப்பா ஆறு மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான் காபி கொண்டுபோனேன். அப்பாவை வெளியில் உட்காரவைத்து மோர் கொடுத்த அந்த அம்மாள், எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரை எடுத்துக்கொண்டார். எனக்கு உண்மையாகவே வலிப்பு இருந்திருந்தால் இவர் வந்திருப்பாரா? வந்திருக்கமாட்டார் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நான் சொன்னேன்:

"நீங்க மொதல்ல கேட்டதுதான் சரி. எனக்கு வலிப்பு உண்டு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப அந்தக் கம்ப்யூட்டர்ல கரண்டுன்னு சொன்னாகளே?"

"அது மேனேஜருக்கு அடிச்சது. எனக்கு வந்தது வலிப்புதான்."

அவர்கள் இருவரும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்கள். வாத்தியார்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால் இல்லை. அவர் அன்று லேசாகச் சிரித்ததுகூட நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த அம்மாளின் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது, பூஜையன்று இருந்ததைவிட அதிகமாகவே இனித்தது. அம்மா பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும், அப்படிச் சொல்லியிருக்கவேண்டாமேம்மா என்று ஒரு தடவை சொன்னார்.

தங்கை அப்போது எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்கு வந்த முதல் இரண்டு சம்பந்தமும் வாசலோடு நின்றுபோயின. அக்காவே தன் வாயால் சொன்னாளாமே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் ஊரைவிட்டு வெகு தூரம் தள்ளி, இந்தக் கதை எட்டாத ஒரு இடத்தில் அப்பா அவளுக்குப் பார்த்து முடித்தார். எனக்குக் கல்யாணம் அதற்குப் பிறகுதான் நடந்தது. என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் என்னைக் கட்டினார்.

தங்கை இப்போதும் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருவாள். ஒரு வருஷம் எல்லோருமாக மலையடிவாரத்தில் ஆற்றோரம் இருக்கும் அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தோம். பிள்ளைகள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் பாறையில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். நான் ஏதோ பேச்சில் மேனேஜர் விழுந்த கதையை எடுத்தேன். அவள் எப்போதும் அதைக் கேட்டுச் சிரிப்பாள். அன்றும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"மேனேஜர நீ விழவச்சது சரிதான்க்கா. அந்த வத்திராயிருப்புக்காரிகிட்ட நீ சொன்னியே ஒரு வார்த்த, அதுக்கு நான் ரெண்டு வருஷம் வீட்டுக்குள்ளயே கெடந்தேன்."

நான் என் பங்குச் சோற்றில் கொஞ்சத்தை அவள் பக்கம் தள்ளிவைத்தேன். அவளுடைய சின்னவன் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து நின்றான். அவள் எழுந்து துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டப் போனாள்.